ரெண்டு இஞ்ச் தாழ்ந்த வண்டி

கொஞ்சம் எறங்கிக்கறீங்களா? தப்பா நெனைச்சுக்காதீங்க, முன்னால வேகத்தடை இருக்குது. நீங்க எறங்கி மேட்டுக்கு அக்கட்ட போய் நின்னுக்கங்க, நான் மெதுவாத் தாண்டி வந்து ஏத்திக்கறேன். பையை உள்ளயே வச்சிருங்க, அது ஒண்ணும் எடை இல்லை. கதவை மெதுவாச் சாத்துங்க.

ஆச்சுங்க. ஏறிக்கங்க. தலை பத்திரம், நல்லாக் குனிஞ்சு உக்காருங்க. பாத்தீங்களா, ஒரசவே இல்லை. நீங்க உள்ள இருந்திருந்தா அடியில கறக்குன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அன்னைக்குப் பூராச் சோறு எறங்காதுங்க.

எல்லாரும் மொதல்ல இப்படித்தான் மொகத்தைச் சுளிப்பாங்க. அப்பறம் பழகிரும். எல்லா மேட்டுலயும் எறங்க வேண்டியதில்லை, பெருசா வந்தா நானே சொல்றேன்.

தாராபுரத்துல இருந்து பஸ்ஸேறி என்னைப் பத்தி விசாரிக்கன்னு வந்திருக்கறீங்க. நல்லதுதானுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் நேர்ல வந்து பாக்கோணும், அதுதான் மொறை. டீக்கடையில கேட்டீங்கன்னா நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. ஊர் வாயை மூட உலைமூடி கெடையாது. அதனாலதான் நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். என்ர கதையை என்ர வாயாலயே கேட்டுக்கங்க.

மொதச் சம்சாரம் ஏன் போனான்னு கேப்பீங்க. கேக்கத்தான் வேணும். உங்க பொண்ணுக்கும் மொதக் கல்யாணம் சரியா அமையலை, இன்னொரு தடவை ஏமாறக் கூடாதுன்னு நெனைப்பீங்க. நான் ஒளிச்சு மறைச்சுப் பேசற ஆளில்லீங்க. ரெண்டு இஞ்சுக்காகப் போயிட்டா. நெசமாத்தான் சொல்றேன். ரெண்டு இஞ்சு.

இந்த வண்டி எம்மாமனார் குடுத்ததுங்க. சென்னியப்பன்னு பேரு. தேங்காய்க் களம் வச்சிருந்தாரு. தேங்காயை ஒடைச்சு வெயில்ல காயப் போட்டுப் பருப்பு எடுத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்பற தொழிலு. ஒரே பொண்ணு சுகந்தி. கல்யாணத்துக்கு வண்டி குடுத்து, களத்துல எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் குடுத்து, எல்லாத்தையும் பாத்துக்கங்க மாப்பிள்ளைன்னுட்டாரு. நல்ல மனுசன். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா பாருங்க, எங்கூர்ல அந்த வருசம் கல்யாணம் ஆன மாப்பிள்ளைக அத்தனை பேருக்கும் இதே வண்டி. இதே வெள்ளை. வரிசையா நிறுத்துனா எது யாருதுன்னு தெரியாது. நான் எங்க போனாலும் "அட, சென்னியப்பன் குடுத்த வண்டியா"ன்னு கேப்பாங்க. பெட்ரோல் போடற பையன் வரைக்கும் கேட்டான். பெட்ரோல் நான் போடறேன், வண்டியை நான் கழுவறேன், பேரு மட்டும் மாமனாருக்கு. ஒரு ஆம்பளைக்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?

தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. சரி, பாக்கலை. லாடமாச்சும் நம்ம இஷ்டத்துக்கு அடிச்சுக்கலாமில்லீங்க?

அப்பத்தான் கோயமுத்தூர்ல லாரன்ஸ்னு ஒரு மெக்கானிக்கைப் புடிச்சேன். அவன் ஒர்க்‌ஷாப்புல ஒரு வண்டி நின்னுச்சு. தரையோட தரையா, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையாது. புலி பதுங்குன மாதிரி நிக்குது. என்ர வண்டி அதுக்குப் பக்கத்துல கோழி ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிக்கற மாதிரி ஒசரமா நின்னுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. அங்கயே சொல்லிட்டேன், எனக்கும் இப்படி வேணும்னு.

நெறையப் பேருக்கு இது தெரியாதுங்க. ஷாக் அப்சார்பர்தான் வண்டியைத் தூக்கிப் புடிச்சிருக்குதுன்னு நெனைச்சுக்கறாங்க. இல்லீங்க. எடையைத் தாங்கறது ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்கு ஆடற ஆட்டத்தை நிறுத்தறதுக்குத்தான் ஷாக்கு. கேஸ் அடைச்ச ஷாக்கு போட்டா ஒரு நூல் ரெண்டு நூல் தூக்கும், அவ்வளவுதான். ஒசரத்தை மாத்தோணும்னா ஸ்பிரிங்கை மாத்தோணும். கட்டை ஸ்பிரிங்கு போட்டா வண்டி தாழும். அதுக்கேத்த கட்டை ஷாக்கும் கூடப் போடோணும், இல்லீன்னா பழைய ஷாக்கு ஒவ்வொரு குழிக்கும் அடியில போய் முட்டி முட்டிச் செத்துப்போகும். நாலையும் மாத்துனோம். ரெண்டு இஞ்சு எறங்குச்சு.

இன்னொண்ணும் இருக்குது. புது ஸ்பிரிங்கு மொதல்ல வெறைப்பா, கொஞ்சம் ஒசரமாத்தான் நிக்கும். ஓட ஓடத்தான் எடைக்குப் பழகி உக்காரும். சுகந்தியும் அப்படி உக்காந்துருவான்னுதான் நெனைச்சேன்.

வண்டியை எடுக்கும்போது லாரன்ஸ் சிரிச்சுட்டே ஒண்ணு சொன்னான். "நாலு பேரு உக்காந்தா உங்கூரு வேகத்தடையில ஒரசும் தலைவரே. ஆளை எறக்கிவிட்டுத் தாண்டிக்கங்க." அவன் வெளையாட்டுக்குச் சொன்னானோ என்னமோ, எனக்கு அது நல்ல ரோசனையாப் பட்டுச்சு. வண்டிக்கும் சேதாரமில்லை, ஆளுக்கும் கொஞ்சம் நடை. என்ன கெட்டுப்போச்சு?

எதையும் ஒழுங்காச் செய்யற ஆளுங்க நான். களத்துல மூட்டை எடை போடற தராசு இருக்குது. மறுநாளே எல்லாரையும் அது மேல ஏத்தி எடை போட்டேன். சுகந்தி அம்பத்தெட்டு கிலோ. எம்மாமனாரு தொண்ணூத்தி நாலு. நல்லாச் சாப்புட்டு வளந்த ஒடம்பு. பருப்பு நோண்டற பொம்பளைக அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க. அவரும் சிரிச்சுட்டுத்தான் ஏறி நின்னாரு. "மாப்பிள்ளைங்க என்னையும் மூட்டைக் கணக்குல சேத்துட்டாங்க"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சுகந்தி மட்டும் சிரிக்கலை. அவளுக்கு எப்பவுமே தமாசு புரியாதுங்க.

எடை தெரிஞ்சா எல்லாம் சுலுவு. நானும் சுகந்தியும் மட்டும்னா சின்ன மேட்டுல அவ உள்ளயே இருக்கலாம், பெரிய மேட்டுல எறங்கோணும். மாமனாரு வந்தா சின்ன மேட்டுக்குச் சுகந்தி எறங்குனாப் போதும். பெரிய மேட்டுக்கு ரெண்டு பேரும் எறங்கோணும். நான் வண்டியை ஓட்டறதனால எறங்க முடியாது. முடிஞ்சா நானும் எறங்குவேன், எனக்கு அதுல ஒரு கவுரவமும் கெடையாது.

ஒரு தடவை திருப்பூர்ல ஒறம்பறையில, சொந்தக்காரங்க ஊட்டுல கல்யாணம். சுகந்தி பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு, தாம்பாளத்துல சீர்ச்சாமானத்தை மடியில வச்சுட்டு உக்காந்திருக்கறா. மழை தூறுது. பஸ் ஸ்டாப்புக்கு முன்னால பெரிய மேடு. எறங்குன்னேன். தாம்பாளத்தோட எறங்குனா. தாம்பாளம் என்ன எடை இருக்கும், அதை உள்ள வச்சுட்டே எறங்கியிருக்கலாம். சொன்னாக் கேக்கறதில்லை. அங்க நின்ன ஒருத்தன் "ஏனம்மிணி, டிக்கெட் எடுக்கலையா, கண்டக்டர் எறக்கிவிட்டுட்டாரா"ன்னு கேட்டான். பஸ்ஸுக்கு நின்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைக எல்லாம் சிரிச்சுதுக. அவளும் சிரிச்சான்னுதான் நெனைக்கறேன். தலையைக் குனிஞ்சுட்டிருந்தா, சரியாப் பாக்கலை. நான் மேட்டைப் பாத்துட்டிருந்தேன்.

அதுக்கப்பறம் எங்க போனாலும் பஸ்ஸுல போக ஆரம்பிச்சுட்டா. ஊட்டுல வண்டி நிக்குது, மகாராணி பஸ்ஸுல போறா. எனக்கு எப்படி இருக்கும்? ஊர்ல நாலு பேரு கேக்கறாங்க, என்னப்பா பூபதி, பொண்டாட்டி பஸ்ஸுல போறாளேன்னு. என்ர மானம் போகுதுன்னு சொன்னேன். "எனக்கு எறங்கி எறங்கி ஏற முடியலைங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவ ஒரு வார்த்தைக்கு ரெண்டாவது வார்த்தை பேச மாட்டா. நான் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். வேற எப்படிங்க எடுத்துக்கறது?

ஒரே ஒரு நாளு மட்டும் அவளாக் கேட்டா. எம்மாமனாருக்கு முட்டி தேய்ஞ்சு போயிருந்துச்சு. இந்த வண்டியில குனிஞ்சு உக்காந்து எந்திரிக்கும்போது கதவைப் புடிச்சுக்கிட்டு உஸ்ஸு உஸ்ஸும்பாரு. "அப்பாவுக்காகவாச்சும் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிருங்களேன்"ன்னா. அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு. "எனக்கு ஒண்ணும் செரமமில்லை கண்ணு. மாப்பிள்ளைங்க சொன்னாச் சரிங்க."

எதுக்கெடுத்தாலும் அதைத்தான் சொல்லுவாரு. மாப்பிள்ளைங்க சொன்னாச் சரிங்க. பொண்ணைக் குடுத்த எடத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசாத தலைமொறைங்க அவரு. இப்ப நீங்களே சொல்லுங்க, உக்கார்ற மனுசனே செரமமில்லைங்கறாரு. அப்பறம் இவளுக்கு என்ன?

அந்தப் பழைய ஸ்பிரிங்கு நாலும் இன்னும் எங்கூட்டு மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்துலதான் கெடக்குது. இப்பவும் மாட்டலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. அரை நாள் வேலைதான். ஆனா இப்ப மாட்டுனா, அப்பவே மாட்டியிருக்கோணும்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. அதனால கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.

சரி, அந்த நாளைச் சொல்றேன். அதைத்தானே கேக்கறதுக்கு வந்திருக்கறீங்க. பஸ் ஸ்டாண்டுலயே உங்க மொகத்துல தெரிஞ்சுது, யாரோ என்னமோ சொல்லியிருக்கறாங்கன்னு.

நல்ல வெயிலு. களம் பூராத் தேங்காய் காயுது. சுகந்தி அவங்கப்பனைப் பாக்க வந்திருந்தா. எம்மாமனாரு குவியல் பக்கத்துல நின்னு பேசிட்டிருந்தவரு, அப்படியே ஒரு சாக்கு மேல உக்காந்துட்டாரு. சட்டை பூரா வேர்வை. நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்குதுன்னாரு. சுகந்தி உடனே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்புட்டா. நான் போனைப் புடுங்கிக் கட் பண்ணிட்டேன். ஏன்னு கேளுங்க. வாசல்ல வண்டி நிக்குது. களத்துல அத்தனை சனமும் பாக்குது. மாப்பிள்ளை வண்டி இருக்கறப்ப ஆம்புலன்ஸ் வந்தா அதுக்கு என்னங்க அர்த்தம்? அது எங்கயோ இருந்து கெளம்பி வர்றதுக்குள்ள நாம போய்ச் சேந்திரலாம்னு சொன்னேன். நான் அவரோட உசுரை நெனைச்சுத்தான் சொன்னேன்.

களத்துல லோடு ஆட்டோ ஒண்ணு நின்னுச்சு. அதை ஓட்டற மாரப்பன் "நான் கொண்டுபோறனுங்க, மெத்தை போட்டுப் படுக்க வச்சுக்கலாம்"னு ஓடி வந்தான். பருப்பு மூட்டை ஏத்தற வண்டியில களத்து மொதலாளியை ஏத்திட்டுப் போனா நல்லாவா இருக்கும்? போடான்னேன். அவரை முன் சீட்டுல சாய்ச்சு வச்சேன். குனிஞ்சு உக்கார ரொம்பச் செரமப்பட்டாரு. சுகந்தி பின்னால ஏறுனா.

மொதல்ல ஒரு சின்ன மேடு. சுகந்தி, எறங்குன்னேன். ஒரு நிமிசம் என்னைப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வையை நான் எதிர்பாக்கலை. ஆனா எறங்கி ஓடுனா, தாண்டுனதும் ஓடி வந்து ஏறிக்கிட்டா. நேரம் ஒண்ணும் ஆகலை. அந்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு.

அடுத்தது பள்ளிக்கூடத்து மேடு. நாம போற வழியிலதான் இருக்குது, நீங்களே பாப்பீங்க. அது கவர்மெண்ட் போட்டது இல்லை. ஒரு புள்ளையை லாரி தட்டுனதுக்கப்பறம் ஊர்க்காரங்களே கோவத்துல போட்டது. வயல் வரப்பாட்டம் இருக்கும். சுகந்தி எறங்குனா. மெதுவா ஏத்துனேன், மூக்கு ஏறிருச்சு, நடுவுல முட்டப் போகுதுன்னு தெரிஞ்சுது. தெரியாம என்ன, தொண்ணூத்தி நாலு கிலோங்க. ரிவர்ஸ் எடுத்தேன். "மாமா, ஒரு நிமிசம்"னு சொன்னேன்.

அவ்வளவுதானுங்க சொன்னேன். மாமா, ஒரு நிமிசம். எறங்குங்கன்னுகூடச் சொல்லலை. கையைப் புடிச்சு இழுக்கலை. அவரு தானாத்தான் கதவைத் தொறந்தாரு. "சரிங்க மாப்பிள்ளை"ன்னு சொன்னாரு. வெளிய நின்ன சுகந்தி "அப்பா எறங்காதீங்க, எறங்காதீங்கப்பா"ன்னு கத்திட்டு ஓடி வந்தா. "ஒரசுனா ஒரசட்டும், தாண்டுங்க"ன்னு என்ர பக்கத்துக் கண்ணாடியை அடிச்சா. ஒரசுனா ஒரசட்டுமாம். அடியில ஆயில் சம்ப் இருக்குதுங்க. அது ஒடைஞ்சா ஆயில் பூரா ரோட்டுல கொட்டி வண்டி அங்கயே நின்னுரும். அப்பறம் ஆசுபத்திரிக்கு எதுல போறது? அந்த நேரத்துல நிதானமா ரோசிச்சது நான் ஒருத்தன்தான். அதை யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.

அவரு எறங்கி, ஒரு கையால வண்டி மேல ஊணிக்கிட்டு நின்னாரு. வண்டி ஒசந்துச்சு பாருங்க, நல்லாவே தெரிஞ்சுது. மெதுவா ஏத்தி மெதுவா எறக்குனேன். துளிகூட ஒரசலை. அந்தக் கஷ்டத்துலயும் எனக்கு ஒரு சந்தோசம், நாம போட்ட கணக்கு தப்பலைன்னு. அப்பறந்தான் கண்ணாடியில பாத்தேன். வண்டி நகந்ததும் ஊணியிருந்த கைக்குப் புடிமானம் இல்லாமப் போச்சு போல. அந்த மேட்டு மேலயே உக்காந்துட்டாரு. உக்காந்தவரு அப்படியே சாஞ்சாரு. சுகந்தி அவரு தலையை மடியில வச்சுட்டுக் கத்தறா.

பின்னாலயே மாரப்பன் லோடு ஆட்டோவை எடுத்துட்டு வந்திருந்தான். போடான்னு சொல்லியும் வந்திருக்கறான், திமிரு. அவனும் ரோட்டுல போனவங்களும் அவரைத் தூக்கி அதுல போட்டுக்கிட்டுப் போனாங்க. சுகந்தியும் அதுலயே ஏறிட்டா. நான் பின்னாலயே போனேன். ஆசுபத்திரியில பாத்துட்டு, வரும்போதே உசுரு இல்லைன்னுட்டாங்க. கொஞ்சம் முன்னால வந்திருந்தான்னு டாக்டர் ஏதோ சொன்னாரு. டாக்டருக அப்படித்தான், எல்லாத்துக்கும் கொஞ்சம் முன்னாலம்பாங்க.

எனக்கும் வெசனம்தானுங்க. இல்லாம இருக்குமா? சொந்தப் புள்ளை மாதிரி என்னை வச்சிருந்த மனுசன். அன்னைக்கு ஆசுபத்திரியில இருந்து திரும்பும்போது ஒறம்பறையில மூணு பேரை என்ர வண்டியிலதான் ஏத்திட்டு வந்தேன். அதே பள்ளிக்கூடத்து மேடு வந்துச்சு. எழவுக்கு வர்றவங்களை எறங்குங்கன்னு சொல்ல முடியுமா, ஊரு என்ன நெனைக்கும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏத்துனேன். கறக்குன்னு ஒரசுச்சு. ஊட்டுக்கு வந்து குனிஞ்சு பாத்தேன். ஆயில் சம்புக்கு ஒண்ணும் ஆகலை. கீழ ஒரு கோடு மட்டும் விழுந்திருந்துச்சு.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஒடையலைன்னா ஒடையாதுன்னு முன்னாலயே தெரியுமாங்க? அது அதிர்ஷ்டம்.

எனக்கு மனசு விட்டுப்போனது எதுலன்னா, கருமாதியன்னைக்கு. ஊட்டு மாப்பிள்ளை வந்து நிக்கறேன், வாங்கன்னு ஒருத்தரு கேக்கலை. உக்காருங்கன்னு ஒரு நாற்காலி போடலை. எலை போட்டாங்க, கடைசிப் பந்தியில, மாரப்பனுக்குப் பக்கத்துல. லோடு ஆட்டோ ஓட்டறவனுக்குப் பக்கத்துல. அவன் என்ர மொகத்தைக்கூடப் பாக்கலை, எந்திரிச்சு வேற எலைக்குப் போயிட்டான். அந்த அவமானத்தை என்னால மறக்கவே முடியாதுங்க. எம்மாமனாரு இருந்திருந்தா அப்படி நடக்க விட்டிருப்பாரா? வாங்க மாப்பிள்ளைன்னு எந்திரிச்சு நின்னிருப்பாரு.

எல்லாம் முடிஞ்சு சுகந்தி எங்கூட்டுக்கு வந்தா. சரி, வந்துட்டான்னு நெனைச்சேன். துணிமணியை எடுத்துக்கத்தான் வந்திருக்கறா. ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. நான் வண்டியை எடுத்துக்கிட்டு அவ பக்கத்துலயே மெதுவா வந்தேன். பையோட நடக்கறாளே, பாவம்னுதான். ஏறு, எங்க போகோணுமோ நானே விடறேன்னேன். நின்னு என்னைப் பாத்தா. "எறங்கச் சொல்ற வண்டியில எதுக்குங்க ஏறோணும்"னு கேட்டா. கோவமாக்கூடச் சொல்லலை. மணி என்னங்கன்னு கேக்கற மாதிரி கேட்டா.

பள்ளிக்கூடத்து மேடு வரைக்கும் நடந்தா, நான் பின்னாலயே வந்தேன். அங்க பையை வச்சுட்டு அந்த மேட்டு மேல உக்காந்துட்டா. அவங்கப்பன் சாஞ்ச எடத்துல கையை வச்சுட்டு உக்காந்தே இருந்தா. நான் கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் ஹாரன் அடிச்சேன். பின்ன என்னங்க, ரோட்டுல உக்காந்தா எப்படி, வண்டி வர்ற எடம். எந்திரிச்சு, பையை எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

அப்பறம் விவாகரத்துக்குக் கேஸ் போட்டா. கோர்ட்டுலயும் நடந்ததை மட்டுந்தான் சொன்னா, ஒண்ணும் கூட்டிச் சொல்லலை. ஜட்ஜம்மா என்னைக் கேட்டாங்க. நான் ஸ்பிரிங்குன்னா என்ன, ஷாக்குன்னா என்ன, எடை ஏறுனா எவ்வளவு எறங்கும், எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு என்னையே பாத்துட்டு இருந்தாங்க. புரிஞ்சுதோ இல்லையோ. தீர்த்துவிட்டுட்டாங்க. வண்டியை அவ திருப்பிக் கேக்கவே இல்லை. அதுலயே தெரியுதில்லீங்க, என்ர மேல தப்பு இல்லைன்னு? தப்புன்னா கேட்டிருப்பாளே.

ஒண்ணு மட்டும் சொல்லோணுமுங்க. அவ போனதுக்கப்பறம் வண்டி நல்ல ஒசரத்துல நிக்குது. நான் ஒருத்தன்தானே. எந்த மேட்டுலயும் ஒரசறதில்லை. ஆனா ஊட்டுக்குப் போனா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லை. சோத்தை நானே வடிச்சுத் திங்கறேன். அதுதான் இந்த ஏற்பாட்டுக்கே ஒத்துக்கிட்டேன்.

உங்க பொண்ணு போட்டாவைப் பாத்தேன். நல்லா லட்சணமா இருக்குது. மொதக் கல்யாணத்துல பொறந்த பாப்பாவும் அம்மா சாடைதான். பாப்பாவைப் பத்தி நீங்க வெசனப்படவே வேண்டாம், என்ர புள்ளை மாதிரிப் பாத்துக்குவேன். அதை எந்த மேட்டுலயும் எறக்க மாட்டேன். மடியில வச்சுக்கலாம், அது என்ன பெரிய எடை. கொஞ்சம் பெருசானா வேணும்னாப் பாத்துக்கலாம்.

பொண்ணைப் பத்தித்தான் ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைச்சுக்காதீங்க. எத்தனை கிலோ இருக்கும்? போட்டாவுல உக்காந்திருக்கறதனால சரியாத் தெரியலை. அறுவதுக்குள்ளன்னா இருக்கற ஸ்பிரிங்கே போதும். எச்சா இருந்தா பின்னால ரெண்டும் கொஞ்சம் தடிமனாப் போட்டுக்கலாம்னு லாரன்ஸ் சொல்றான். நானும் மாற மாட்டேங்கற ஆளில்லை பாருங்க. வர்ற பொண்ணுக்காக ஸ்பிரிங்கையே மாத்தறேங்கறேன். எந்த மாப்பிள்ளை இப்படிச் சொல்லுவானுங்க?

சரி, ரோசிச்சுச் சொல்லுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன், இனிமே எனக்கும் மாமன்தான். மாமான்னே கூப்புடறேனுங்க, எனக்கும் அப்படிக் கூப்புட ஆளில்லாமப் போச்சு.

இந்தா, பள்ளிக்கூடம் வந்திருச்சு. இதுதானுங்க அந்த மேடு.

மாமா, ஒரு நிமிசம். எறங்கிக்கங்க.

ஆச்சு. பாத்தீங்களா, துளிகூட ஒரசலை. வாங்க, ஏறிக்கங்க. ஏனுங்க, பையை எதுக்குக் கையோட எடுத்துட்டு எறங்குனீங்க? அது ஒண்ணும் எடை இல்லீன்னு சொன்னேனே. மாமா, எங்கூட்டுக்கு இந்தப் பக்கம் போகோணுமுங்க, நீங்க வந்த வழியே திரும்பிப் போறீங்க. மாமா. அட, நில்லுங்க. பொண்ணு எத்தனை கிலோன்னாச்சும் சொல்லிட்டுப் போங்க.